பாட்டு கிற்றாருக்கு வந்த சனிக்கிழமை

நஸீருக்குப் பாலாவிச் சந்தியில் போன் திருத்தும் கடை. சனிக்கிழமை பின்னேரமானால் கடையைப் பூட்டிவிட்டு, கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு எத்தாளைக்கு பஸ் ஏறிவிடுவான். அங்கே களப்போர ஹோட்டல் ஒன்றில், பகல் முழுக்கப் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாடிய வெள்ளைக்காரர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், அவனும் சிலாபத்து றொபியும் ஜாஸ் வாசிப்பார்கள். றொபிக்கு சக்ஸபோன். கொழும்பு ஹோட்டல்களில் ஊதித் தேர்ந்த மனிதர். நஸீரோ கட்டாரில் வேலை செய்த காலத்தில் அறைத் தோழனோடு சேர்ந்து பழகியவன்.

பாகப்பிரிவினை முதல் நாளே முடிந்துவிட்டது. மெட்டாக ஓடும் பாட்டு றொபிக்கு, நாலைந்து ஸ்வரத்தை ஒன்றாய்த் தட்டி அடியில் தாங்கும் கோர்ட் நஸீருக்கு. றொபி மூச்சு வாங்கும் இடத்தில் நஸீர் இரண்டு தட்டுத் தட்டி நிரப்புவான். சனம் கைதட்டினால் றொபி குனிந்து வணங்குவார்; நஸீர் கம்பியை முறுக்குவதுபோல் பாவனை பண்ணுவான். ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் வாசிக்க வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. வெட்கத்தில் வாய் திறந்ததில்லை.

தில்லையடி வீட்டில் இருக்கும் அவன் மனைவி றைஸாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அவன் வீட்டில் பழகுவதும் வெறும் கோர்ட்தானே. குசினிக்குள்ளிருந்து கேட்பாள்: "கறி இல்லாமச் சோத்த மட்டும் போட்ட மாதிரி இரிக்கி. பாட்டு எங்க?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது றொபிக்கு முன்பற்களைப் பிடுங்க வேண்டி வந்தது. கட்டுப்பல் வைத்தும் மேல் ஸ்வரங்கள் பிசிறடித்தன. கீழே மெல்ல ஊதினால் மட்டும் பழைய குரல் வந்தது. ஹோட்டல் முகாமையாளர் கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையும் இப்படியென்றால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்வதாக மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

"நீ பாட்ட எடு மல்லி. நான் கீழ நிக்கிறன்" என்றார் றொபி. தம்பி என்பதற்கு அவர் வாயில் சிங்களத்து 'மல்லி'தான் வரும்.

நஸீருக்குச் சந்தோஷம். சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பூட்டிய கடைக்குள் இருவரும் பழகினார்கள். காய்ந்த மாடு கம்பில் விழுந்த கணக்காக அவன் பாட்டுக்குள் விழுந்தான். றொபி சக்ஸபோனை வாயில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். ஒரு சத்தமும் வரவில்லை.

"மூச்சு விடாம ஓடுறாய் மல்லி. நான் எங்க வாறது?"

கிற்றாருக்கு ஏது மூச்சு? விரல் வலிக்கும்வரை ஓடலாம். பாட்டு வைத்திருப்பவன் இடையிடையே நிறுத்தாவிட்டால் அடியில் இருப்பவனுக்கு இடமே இல்லை என்பது, இத்தனை வருஷம் அந்த இடத்தில் வாழ்ந்த நஸீருக்கே மறந்துபோனது. அதன்பிறகு மனதுக்குள் பாடிக்கொண்டே வாசித்தான். பாடும் மூச்சு முடிந்தால் விரலையும் நிறுத்தினான்.

றொபிக்கு வேறு சங்கடம். கிற்றார் நாலு ஸ்வரத்தை ஒன்றாய் வைக்கும். சக்ஸபோனுக்கு ஒரு நேரம் ஒன்றுதான். கோர்ட் அழுகிறதா சிரிக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் அந்த ஒற்றை ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து நிற்க வேண்டும். அவர் தேடவேயில்லை. நஸீர் எந்த விரலை எப்போதும் கொஞ்சம் அழுத்துவானோ, அதே ஸ்வரத்தில் போய் நின்றார். மனுஷன் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! நஸீருக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை றைஸாவும் கூட வந்தாள். சமையலறைப் பக்கக் கதிரையில் உட்கார்ந்து முதன்முதலாக முழுப் பாட்டும் கேட்டாள். சனம் கைதட்டியபோது றொபி குனியவில்லை. நஸீரின் பக்கம் கையைக் காட்டினார். முகாமையாளர் அடுத்த கிழமையும் நேரத்துக்கு வரச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவுக்குள் றைஸா மெல்லக் கதை தொடங்கினாள். அவன் வாசித்தது நன்றாக இருந்ததாம்.

"ஆனா றொபி அண்ணன் கீழால ஊதினாரே, அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள போச்சி. அது இல்லாட்டி உங்கட பாட்டுக் கீழ விழுந்திரும்."

நஸீர் மடியிலிருந்த கிற்றாரைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"ஓம் புள்ள. அதுதான் நான் இவ்வளவு காலமும் போட்ட சோறு."