செல்லப்பனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை

படத்தில் மூக்கு கரைந்து கன்னத்துக்கு ஓடிவிட்டது. தப்பு என்னுடையது. போட்டோவை கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் ஆயில் பெயிண்ட் தீட்டுவது என் தொழில். இதே பிழைப்பில் இருப்பவரா நீங்கள்? உங்களுக்கும் ஒரு மூக்காவது போயிருக்கும்.

சட்டை

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலை, செல்போனோடு மயிலாப்பூரில் என் அறைக்கு வந்தார். புருஷன் செல்லப்பன் இறந்து மூன்று வருஷம். இருக்கிற ஒரே போட்டோவில் வெற்று உடம்போடு படகில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். மேடையில் அப்பா இருந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம். முகம் பிரிண்டாகவே இருக்கட்டும், சட்டையை நான் வரைகிறேன் என்றேன்.

"வெள்ளைச் சட்டையா போடு சார். இரவல் வாங்கினது கணக்கா தொளதொளன்னு இருக்கக் கூடாது, இன்னா?"

முகம்

ஆயில் உள்ளே இறங்காமலிருக்க, பிரிண்டுக்கு முதலில் வார்னிஷ் பூச வேண்டும். பூசினேன். மூக்கு போயிற்று. புது பிரிண்ட் வாங்கி மறுபடி பூசினேன். மீசையும் போயிற்று. அதற்குள் செவ்வாய்க்கிழமை. பிரிண்டே வேண்டாம் என்று முகத்தையும் கையாலேயே வரைந்தேன். நாற்பது வருஷக் கை. நன்றாகவே வந்தது. அஞ்சலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சோக்காத்தான் கீது. ஆனா எங்காளு இல்ல. உன் தம்பி கணக்கா கீது."

சீட்டு

புதன் காலை ராயப்பேட்டை பிரிண்ட் கடையில் போய்ச் சண்டை போட்டேன். மை மட்டம் என்றேன். கடையை நடத்தும் மும்தாஜ், கெட்டுப்போன கேன்வாஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிரஷ்ஷால் தேய்த்தீர்களா என்றார். ஆமாம் என்றேன். புது பிரிண்ட் எடுத்தார். ஸ்ப்ரே வார்னிஷ், மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. சாயங்காலம் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். மூக்கு அசையவில்லை.

"இதையெல்லாம் எழுதி ஒவ்வொரு பிரிண்ட்டோடவும் சீட்டு வெச்சுத்தான் கீறேன் நைனா. நீங்க அதுல பிரஷ் தொடைக்கிறீங்க."

கல்யாணம்

வியாழன் சட்டை வரைந்தேன். ஆயில் ஒரே நாளில் காயுமா? மேடையில் நாற்காலி போட்டுப் படத்தை வைத்து, யாரும் தொடாமல் காவல் நின்றேன். கல்யாணப் பெண்ணை யார் தடுப்பது? அப்பா தோளில் சாய்ந்தாள். பட்டுப் புடவையில் வெள்ளை அப்பிக்கொண்டது. நான் பதறினேன். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வுடு சார். அது கடல்லேர்ந்து என்னிக்கு காஞ்ச சட்டையோட வூட்டுக்கு வந்துகீது?"

நாற்பது வருஷக் கை கடைசியில் ஒரு பட்டுப் புடவையைத்தான் கெடுத்தது. செல்லப்பனை மகள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது மும்தாஜ்.