சைக்கிள் கொட்டகையிலிருந்து வந்த பாட்டு

இறைவன் பிழை பொறுப்பவன் என்று சொல்லும் பாடல்களை நான் நாள்தோறும் ஓதுகிறேன். அவன் அரக்கரின் மார்பைப் பிளந்ததைச் சொல்லும் பாடல்களையும் விடுவதில்லை. எங்கள் தலைமையாசிரியரை நினைக்கும்போது இரண்டாம் வகைப் பாடல்களே நாவில் வந்து நிற்கின்றன.

சேரன்மகாதேவிக்கு அருகே, வயல்களுக்கு நடுவே இருந்த பள்ளியில் நான் தமிழாசிரியை. ஆறாம் வகுப்பில் ‘ஏ’, ‘பி’ என இரு பிரிவுகள் இருந்தன. அவர் பொறுப்பேற்றதும் ‘பி’ பிரிவின் அறையைத் தமக்கென எடுத்துக்கொண்டு, ஏசியும் சோபாவும் போட்டு, மதியத்தில் அங்கே கண்ணயர்ந்தார். இரு பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்தார். மூவர் உட்காரும் பெஞ்சில் ஐவர் நெருங்கினர். காலையில் இருந்த தமிழைக் கடைசிப் பீரியடுக்குத் தள்ளினார். மேற்கு வெயில் தகரக் கூரையைக் காய்ச்சும் வேளை அது. ‘பி’ பிரிவில் பெரும்பாலும் வயல்வேலைக்குப் போவோரின் பிள்ளைகள். அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தார்கள். பின்வரிசையில் என் குரல் எட்டாமல் தூங்கி விழுந்த அவர்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் படிப்பையே கைவிட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அறையைத் திருப்பிக் கேட்கப் போனேன். அவர் என் முகத்தைப் பாராமல், அருகில் இருந்த கணக்காசிரியரிடம் சொன்னார்: “பாட்டுப் படிக்கதுக்கு எதுக்குவே தனி ரூமு? மாட்டுத் தொழுவத்துல நின்னுகூடப் படிக்கலாமே.” அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்க இயலாது. ஆகவே ஓர் அந்தாதியை எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதே சொல்லில் அடுத்த பாட்டுத் தொடங்கும். பிள்ளைக்கு ஒரு பாட்டு. தன் சொல் வருகிறதா என்று காதைத் தீட்டியிருப்பவன் தூங்க மாட்டான்.

ஆனால் வரிசையை நான் அமைத்த விதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. முன்பு கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, நெரிசல் தெரியாதிருக்க, ‘பி’ பிரிவைத் தலைமையாசிரியர் வகுப்புச் சன்னலுக்கு எதிரே இருந்த சைக்கிள் கொட்டகையில் ஒளித்து வைத்தார். அடுத்த ஆய்விலும் அதையே செய்வார். எனவே ‘ஏ’ பிள்ளைக்கு ஒரு பாட்டு, ‘பி’ பிள்ளைக்கு அடுத்தது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

ஆய்வு நாளும் வந்தது. “டீச்சர், ‘பி’ பிள்ளையள பைய கொட்டகைக்கு அனுப்பிருங்க. கேட்டா விளையாட்டுப் பீரியடுன்னு சொல்லிக்கிடலாம்” என்றார் தலைமையாசிரியர்.

“சரி சார்” என்றேன். பிள்ளைகளிடம் மட்டும் ஒன்று சொன்னேன்: “எங்கன இருந்தாலும் பாட்டு நிக்கக் கூடாது, கேட்டியளா?”

அதிகாரி மற்ற வகுப்புகளை முடித்துவிட்டு எங்களிடம் வந்தபோது கடைசிப் பீரியடு. தலைமையாசிரியர் போட்ட அட்டவணையே அவரை என் கையில் கொண்டுவந்து சேர்த்தது. “என்ன பாடம் நடக்குது டீச்சர்?” என்று அதிகாரி கேட்டார். முதல் பையனுக்குக் கண் காட்டினேன். அவன் பாடி முடித்தான். பிறகு சன்னலுக்கு வெளியே, கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் அதே சொல்லை எடுத்துத் தொடர்ந்தது. மூன்றாம் பாட்டு உள்ளே எழுந்தது. நான்காவது மறுபடியும் வெளியே.

“அங்க யாரு?”

“விளையாட்டுப் பீரியடு சார்” என்றார் தலைமையாசிரியர்.

“விளையாட்டுப் பீரியடுல பாட்டா படிக்காவ?” என்று கேட்டபடி அதிகாரி கொட்டகைக்கே போய்விட்டார். நாங்களும் பின்னால் போனோம். சைக்கிள்களுக்கு இடையே பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். பந்து ஒன்றுகூட இல்லை. முதலில் பாடிய சிறுமியிடம் அதிகாரி குனிந்து கேட்டார்: “இங்கன என்னம்மா செய்யுதிய?”

“நீங்க போறவரைக்கும் சத்தம் காட்டக் கூடாதுன்னு பெரிய சார் சொன்னாவ.”

“பொறவு ஏன் சத்தம் போட்ட?”

“என் சொல்லு வந்துட்டுல்லா சார்.”

அதிகாரி தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குத் தித்திக்கிறது.

அந்த வாரமே ‘பி’ பிரிவுக்கு அறை திரும்பக் கிடைத்தது. தமிழும் காலைக்கு மீண்டது. சோபாவை நான்கு பேர் தூக்கி வந்து, எங்கே வைப்பது என்று வராந்தாவில் தயங்கி நின்றார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். நான் எடுத்து வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தேன்.

“மாட்டுத் தொழுவத்துல போடச் சொல்லட்டுமா சார்?”

இம்முறையும் அனைவரும் சிரித்தார்கள். கணக்காசிரியர்தான் அதிகம் சிரித்தார்.

இப்போது தலைமையாசிரியரும் நானும் ஓய்வு பெற்றுவிட்டோம். அவர் திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் இருக்கிறார். திருநெல்வேலியில் கோயில் பிரகாரத்தில் எதிர்ப்பட்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் திரும்புவதில்லை. அந்த அந்தாதியின் முதல் பாட்டை, அவர் காதில் விழும்படி கடைசிச் சொல்வரை பாடிவிட்டு நிற்பேன். அடுத்த பாட்டைத் தொடர அவருக்குத் தெரியாது. கொட்டகையில் குந்தியிருந்த அந்தச் சிறுமிக்குத் தெரியும்.