மண்ணுக்கு ஊற்றின உறை

கிட்ட வந்து உட்காருங்க, தொண்டை முன்னே மாதிரி இல்லை. விற்கிற சரக்கை வாங்குகிறவர் கண்ணுக்குக் காட்ட முடியாத தொழில் ஒன்று உண்டென்றால், அது நான் பார்த்த தொழில்தான். எழுபதுகளில் செக்காலையில் ஒரு விவசாய டிப்போவில் எடுபிடியாக இருந்தேன். ஆடி விதைப்புக்கு முன்னால் கறுப்புப் பொடிப் பொட்டலம் வந்து இறங்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். கடலை வேரில் குடியேறி, காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் என்று எங்கள் ஆபீசர் ஐயா சொல்லிக் கொடுத்தார். வெயில் பட்டால் செத்துப்போகும். ஈரச்சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். வாசல் வாசலாக ஏறி எதையாவது விற்றிருக்கிறீர்களா? அப்படியானால் என் பாட்டைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

அசையாத உயிர்

திருப்பத்தூர் போகிற பக்கம் ஒரு ஊரில் ராக்காயி அக்கா. புருஷன் இல்லை. இருந்தது ஒரே ஒரு செவக்காடு, வானம் பார்த்த செம்மண் நிலம், அதிலும் இரண்டு வருஷமாகக் கடலை சரியாகப் பிடிக்கவில்லை. இந்தத் தடவையும் போனால் காட்டைக் கொழுந்தன் வெள்ளைச்சாமியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, புதுவயல் மில்லுக்கு நெல் காயப்போடும் கூலிக்குப் போக வேண்டியதுதான். வெள்ளைச்சாமியும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

அக்கா பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தது. "உயிருங்கிறீக, அசையக் காணோமே" என்றது. நானும் வேர், காற்று, சத்து என்று ஐயா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டது. "பாலுக்கு உறைமோர் ஊத்துறோமே, அதுமாதிரி இது மண்ணுக்கு உறை. அதைச் சொல்லிட்டுப் போகாம எதுக்கு இம்புட்டு நேரம் வெயில்ல நிக்கிறீக?"

சுடுகஞ்சி

பொடியை ஆறின கஞ்சியில் குழைத்து, விதைப் பருப்பில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். மதனி வாங்கினதைப் பார்த்து வெள்ளைச்சாமியும் ஒன்று வாங்கியிருந்தார். விதைப்பன்று போய்ப் பார்த்தேன். அக்கா, உறை ஊற்றப் பாலில் சூடு பார்க்கிற மாதிரி, கஞ்சியில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் களத்தில் வெள்ளைச்சாமி அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சியை ஆவி பறக்கப் பொடியில் ஊற்றிப் பிசைந்து, பருப்பை நல்ல வெயிலில் பரப்பியும் விட்டார். என் கையில் வேறு பொட்டலம் கிடையாது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவனிடம் சாவதானமாகக் கேட்டார்: "ஏன்யா, ஆறின கஞ்சியில போட்டா உங்க உயிருக்குச் சளி பிடிச்சுக்கிராது?"

கொப்புளம்

பூவெடுத்த சமயம் அந்தப் பக்கம் போனால், அக்கா காட்டு வரப்பில் ஏர் பூட்டி நிற்கிறது. வெள்ளைச்சாமி இரண்டு காட்டிலிருந்தும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அவர் செடியின் வேர் கழுவி விட்டது போல இருந்தது. அக்கா செடியின் வேரிலோ கேப்பை ஒட்டின மாதிரி முடிச்சு முடிச்சாக. "டிப்போக்காரர் பேச்சைக் கேட்டு காட்டுக்கு அம்மை வரவழைச்சுட்டீக மதனி. பரவுறதுக்குள்ள உழுது அழிச்சிருங்க" என்றார். வஞ்சகமில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

அக்கா கை கலப்பையை விடவில்லை. நான் ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் பிளந்து காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. உயிர் இருக்கிற இடம் அதுதான். அக்கா அதைப் பார்த்தது. பிறகு தன் செடியின் இலையைப் பார்த்தது, கரும்பச்சை. கொழுந்தன் செடியின் இலை வெளுத்துக் கிடந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னது: "உங்க வேரு சுத்தமா இருக்குன்னு நினைக்காதீக கொழுந்தனாரே. ஆளில்லாத வீடு கணக்காக் காலியாக் கெடக்கு."

விளக்கு வைத்த நேரம்

அந்த வருஷம் அக்கா காட்டில் காய் கொத்துக் கொத்தாக இறங்கியது. குத்தகைப் பேச்சும் மில் பேச்சும் நின்றன. மறு வருஷம் எங்கள் பொட்டலமெல்லாம் லாரியிலேயே வெயிலில் வெந்து வந்தது. கொடுக்காதே என்றார் ஐயா. வெறுங்கையோடு போய்ச் சொல்லத் தயங்கித் தயங்கிப் போனேன். அக்கா, போன வருஷக் காட்டு மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தது, மேட்டில் தரிசாகக் கிடந்த துண்டுக்குத் தூவ. "நேத்து மோரு இருக்கையில உறைக்கு எதுக்கு டிப்போவைத் தேடணும்?" என்றது.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாயிற்று. வெள்ளைச்சாமி காலிக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். "மதனி, ஒரு கூடை மண்ணு..." என்று இழுத்தார். "விளக்கு வச்ச பிறகு எந்த வீட்டுல உறை குடுப்பாக? போங்க" என்று அக்கா உள்ளே போய்விட்டது. கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு மனுஷன் தலைகுனிந்து போனார். குத்தகைக்குக் கண் வைத்ததற்குப் பழி தீர்க்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

சைக்கிள் பஞ்சராகி அன்றைக்கு அந்த ஊரிலேயே தங்கினேன். விடிந்து வெள்ளைச்சாமியோடு அவர் காட்டுப் பக்கம் போனால், பனைமர நிழலில் அதே கூடை, நிறைய மண்ணோடு, ஈரச்சாக்கு மூடி இருக்கிறது. சுமை இறக்கின தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டே திரும்பி நடந்த அக்கா சொன்னது: "இதுலயும் கஞ்சி காய்ச்சி ஊத்திராதீக கொழுந்தனாரே."

ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து நான் சேர்க்கப் பார்த்த உயிரை, ராக்காயி அக்கா ஒரே சும்மாட்டில் அடுத்த காட்டுக்குக் குடியேற்றிவிட்டது.