வெள்ளிக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்ற லாரி

“லாரிய மேய்ச்சிடலாம் அக்கா, லாரிக்காரனுங்கள மேய்க்க முடியாதுலா!”

காலையில் லிஃப்ட் வாசலில் ரூபினியைப் பார்த்தால் இதுதான் முதல் பேச்சு. நான் குப்பைப் பையோடு நிற்பேன். அவள் ஒரு கையில் கார் சாவி, காதில் போன். “அண்ணே, எங்க இருக்கீங்க? இன்னும் ரொட்டி சானாய் உள்ள எறங்கலையா? கப்பல் உங்களுக்காக நிக்குமா?” என்று யாரையோ கிழித்துக்கொண்டே இறங்குவாள்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எனக்கு எதிர் வீடு. கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஒரு கண்டெய்னர் லாரி கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் மேனேஜர். எந்த லாரி எங்கே போக வேண்டும், யார் ஓட்டுவது, அவன் நேற்று ஒழுங்காகத் தூங்கினானா, டயர் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் இவள் தலையில்தான்.

போன் எடுக்கும் கிளார்க்காகத்தான் அங்கே நுழைந்தாள். லாரியில் ஏறாதவளுக்கு என்ன தெரியும் என்று டிரைவர்கள் சிரித்தார்கள். பெரிய லாரி லைசென்ஸ் எடுத்து, ஈப்போ வரைக்கும் ஓட்டிக் காட்டினாள். அப்புறம் வேலை முடிந்து வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்தவன் ஒருத்தன், “லாரி கம்பெனியா?” என்று மூஞ்சியைச் சுளித்தான். “டீ குடிச்சிட்டு கெளம்புங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த நாற்காலியைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. இருந்ததாக நான் பார்த்ததில்லை.

அவள் யார்டில் முனீஸ்வரருக்கு ஒரு சின்ன கோயில் உண்டு. வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சுண்டல் என் கையால்தான். அதனால் வெள்ளி தோறும் அவள் காரில் பாலம் தாண்டிப் போவேன். அதனால்தான் அந்தக் கண்றாவியை என் கண்ணாலேயே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அந்த நேரத்தில் டிரைவர்கள் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். துறைமுகத்துக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. பதினொன்றுக்கு உள்ளே வா என்றால் வந்தாக வேண்டும். வாராவாரம் சண்டை. கடைசியில் ரூபினிதான் வழி கண்டுபிடித்தாள். ஊருக்குப் போகும் முன்னால், நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோமே, அதே கணக்கு. பத்தரைக்கு முன்னால் லாரிகளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டோரம் நிறுத்திவிட்டால் பயணம் ஆரம்பித்த மாதிரிதான். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் போகலாம். எல்லோருக்கும் சந்தோஷம். நானும்கூட, கெட்டிக்காரி என்றேன்.

மற்ற நாளில் லாரி கேட்டைத் தாண்டும்போதே, செக் பார்க்கிற ஃபிக்ரி நிறுத்தி, பிரேக்கிலிருந்து பூட்டு வரைக்கும் பார்த்துத்தான் விடுவான். கண்டெய்னரின் நாலு மூலையிலும் பூட்டு இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால்தான் பெட்டி லாரியோடு நிற்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அவசரமாக வெளியே விட்டுவிட்டு, பூஜை முடிந்ததும் ஃபிக்ரி ரோட்டுக்கே போய்ப் பார்ப்பான்.

அன்றைக்கு ஃபிக்ரி லீவு. பெண்டாட்டிக்குப் பிரசவம். அவன் இடத்தில் அந்த வாரம் சேர்ந்த சாஹித் வந்து நின்றபோது லாரிகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன.

பூஜை முடிந்தது. பிச்சைமுத்து அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து தட்டை நீட்டினார். யார்டிலேயே மூத்த டிரைவர் அவர்தான்.

“என்ன தங்கச்சி, சுண்டல்ல உப்பு பத்தலையே.”

“ஒங்க பிரஷருக்கு இது போதும். சாப்டுட்டு கெளம்புங்க.”

சிரித்துக்கொண்டே போய் லாரியில் ஏறினார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். லாரி ரோடு பிரிகிற சிம்பாங் வளைவில் திரும்பியது. அடுத்த நிமிஷம் ஒரு சத்தம். என் காலுக்குக் கீழே தரை ஆடியது. பாத்திரம் கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை.

கண்டெய்னர் ரோட்டோரம் விழுந்து கிடந்தது. அடியில் ஒரு நாசி லெமாக் சோற்றுக் கடை, அப்பளம் மாதிரி. கடைக்காரி வியாபாரத்தை முடித்து மூடிவிட்டுப் போயிருந்தாள். நாங்கள் காலையில் வரும்போது அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் ரூபினி ஓடிவிட்டாள். சாய்ந்து நின்ற லாரியில் ஏறி, “அண்ணே, காலு அசையுதா? என்னப் பாருங்க, என்ன மட்டும் பாருங்க!” என்று கத்தினாள். கை ஒடிந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அவரை இறக்கிவிட்டு, குனிந்து பூட்டுகளைப் பார்த்தாள். நாலும் திறந்து கிடந்தன.

சாஹித் அழுதுவிட்டான். “வெளிய நின்னுச்சுக்கா. வெளிய நின்னா செக் முடிஞ்சிதுன்னுதானே நெனப்பேன்?”

தான் பூஜையில் நின்ற நேரத்தில் பூட்டைப் பார்த்திருப்பார்கள் என்று பிச்சைமுத்து நினைத்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை.

முதலாளி லோகேஸ்வரன் வந்தார். வந்ததும் ரூபினியைத்தான் ஓரமாகக் கூப்பிட்டார். ஓரம் என்ன ஓரம், எல்லோர் காதிலும்தான் விழுந்தது.

“விசாரிக்க வருவாங்க. டிரைவர் செக்குக்கு நிக்காம ஓடிட்டான்னு சொல்லிடு. ஒனக்கு ஒன்னும் ஆகாது.”

ஆம்புலன்சுக்குக் காத்துக்கொண்டு, கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி பிச்சைமுத்து அங்கேயே நின்றார். தலையைத் தூக்கவே இல்லை. முதலாளி சொன்னதையே ரூபினி சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“அவரு ஓடல பாஸ். நான் சொன்ன எடத்துல நிப்பாட்டுனாரு. வெள்ளிக்கிழம ஏற்பாடு என்னோடது. புது ஆளுக்குச் சொல்லாம விட்டதும் நாந்தான்.”

“தெரிஞ்சுதான் பேசுறியா? அப்புறம் இந்த லைன்ல ஒருத்தனும் ஒன்ன உள்ள விட மாட்டான்லா.”

“தெரியும் பாஸ்.”

விசாரிக்க வந்தவர்களிடமும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பாலத்தில் நான் பிடித்துக்கொண்டேன். “ஒனக்குப் பைத்தியமாடி? இத்தன வருஷம் பட்ட பாடு என்னாத்துக்கு?”

“லைசென்ஸ் போச்சுன்னா அந்த வயசுல அவரு என்னக்கா பண்ணுவாரு? நான் வேற ஏதாச்சும்...” என்று ஆரம்பித்தாள். பாலம் இறங்குகிற இடத்தில்தான் முடித்தாள்: “எனக்கு வேற ஒன்னும் தெரியாதுக்கா.”



இப்போது எதிர் வீட்டுக் கதவு மூடியே கிடக்கிறது. மாடியில் இருக்கிற பெண்கள் என்னிடம் வந்து, “ஜெயிலாமே?” என்று கேட்கிறார்கள். ஜெயிலுமில்லை ஒரு மண்ணுமில்லை, வாயைக் கழுவுங்கள். விசாரணை இன்னும் நடக்கிறது, அவ்வளவுதான். டிரைவர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பிச்சைமுத்து மட்டும் மாவுக்கட்டுக் கையோடு கீழே வரை வந்தார். மேலே ஏற முகமில்லாமல் திரும்பிப் போனதை என் சன்னலிலிருந்து பார்த்தேன்.

அண்ணே, இது உங்களுக்கும்தான். வெட்கப்பட்டது போதும், ஏறி வாங்க. லாரி வைத்திருக்கிற முதலாளிமார் யாராவது இதைப் படித்தால், ஆறுதல் சொல்ல வர வேண்டாம், வேலை பேச வாருங்கள். தன் தப்பை எல்லோர் முன்னாலும் சொல்கிற மேனேஜர் உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மற்றவர்கள் சும்மா வாருங்கள். பழம் எல்லாம் வாங்க வேண்டாம், அவள் சாப்பிட மாட்டாள். மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு வலப்பக்கம். தட்டினால் உடனே திறக்க மாட்டாள். அதற்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள். அவள் திறக்கிற வரைக்கும் தட்டி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.