தலைகீழ் டி.வி.யும் என் இடது கையும்

என் அப்பாவுக்கு மெக்கானிக்குகள் மேல் நம்பிக்கை கிடையாது. டி.வி.யைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் தீர்மானம். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இல்லாததுதான் அவர்களுடைய சாமர்த்தியம் என்பார். அதனால் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாமே அப்பா கையில் ஒரு தடவையாவது செத்துப் பிழைத்தவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யில் படம் முழுக்கச் சுருங்கி, திரையின் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. வேறு சமயமாக இருந்தால் அம்மா கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில், முன்பே பதிவு செய்திருந்த என் வயலின் வாசிப்பு வர இருந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் என்னைப் பெண் பார்க்க, தி.நகரிலிருந்து பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தார்கள். பிள்ளைக்கு பம்பாயில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. இந்த இடத்தை மட்டும் விடக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பிறவியில் இடது கைக்காரி. சின்ன வயதில் நான் சாப்பிட உட்கார்ந்தாலும் சிலேட்டை எடுத்தாலும் அம்மா பழைய புடவைக் கரையைக் கிழித்து என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். வேறு வழியில்லாமல் வலது கை பழகியது. வயலினும் எல்லோரையும் போல வலது கையில் வில் பிடித்துத்தான் கற்றுக்கொண்டேன். இந்த விஷயம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். யாராவது என் கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்பா டி.வி.யின் பின்மூடியைக் கழற்றினார். பிக்சர் ட்யூபின் கழுத்தைச் சுற்றியிருந்த காயிலில் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. பக்கத்து ஒயரும் சரியில்லை என்று அதையும் பிடுங்கி, சுரண்டி, இரண்டையும் புதிதாகப் பற்ற வைத்தார். சுவிட்சைப் போட்டதும் படம் முழுசாக வந்தது. செய்தி வாசிப்பவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நிதானமாகச் செய்தி வாசித்தார்.

தன் வேலையில் தப்பு இருக்கும் என்ற சந்தேகம் அப்பாவுக்கு வரவே இல்லை. மற்ற எல்லோர் மேலும் வந்தது. ஆன்டெனாவை யாரோ திருப்பிவிட்டார்கள் என்று மொட்டை மாடிக்கு ஓடினார். அது இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. கீழே வந்து, வாசலில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், உன் ஆன்டெனாவ நான் இன்னாத்துக்குத் தொடப் போறேன்? எனக்கு இந்த வண்டிய வுட்டு நவர நேரம் கீதா?” என்றார் அவர்.

பிறகு மாடி வீட்டுக்காரர்மேல் பழி விழுந்தது. அவர் புதிதாகக் கலர் டி.வி. வாங்கியதிலிருந்துதான் நம் படம் புரண்டுவிட்டது என்று அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். அம்மாவுக்கோ அப்பா மேலேயே சந்தேகம். பிள்ளை வீட்டாருடைய மிடுக்கு அப்பாவுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

“வேணும்னே பண்றேளா?” என்று கேட்டாள்.

“என் பொண்ணு டி.வி.ல வர்றதை நானே கெடுப்பேனா?” என்றார் அப்பா. அம்மா அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வழி கண்டுபிடித்தது அம்மாதான். படம் தலைகீழாக வந்தால் பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டால் போயிற்று. அப்பாவும் நானும் பெட்டியைப் புரட்டி, மேஜைமேல் தலையணை போட்டு அதில் உட்கார வைத்தோம். படம் நிமிர்ந்தது. எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் தெரிவது போல வலமிடமாக மாறியிருந்தன. எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றார் அப்பா. பெட்டியின் குமிழ்களையும், குப்புறக் கிடந்த கம்பெனிப் பெயரையும் அம்மா பூப்போட்ட மேஜை விரிப்பால் மூடினாள். டி.வி.யிலும் நேரிலும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

அவர்கள் வந்தார்கள். சொஜ்ஜி பஜ்ஜி ஆயிற்று. நிகழ்ச்சி தொடங்கியது. திரையில் நான் வந்தேன். வலது தோளில் வயலின், இடது கையில் வில்.

பிள்ளையாத்து மாமி டம்ளரைக் கீழே வைத்தாள். “பொண்ணுக்குப் பீச்சாங்கைப் பழக்கமா?”

அம்மாவின் முகம் வெளுத்தது. என்னிடம் கேட்டால், அந்த நேரம் அந்த மாமியும் அவள் பிள்ளையும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி இடது கையால் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவள் கையைக் கட்டியிருக்கவில்லை. வாசிப்பு என்னுடையதுதான், ஆனால் அவளுக்கு அது என்னைவிடச் சுலபமாக வருவது போல இருந்தது. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

அப்பாவோ பரவசத்தில் இருந்தார். “அடடே, அதான் எழுத்தும் மாறித்து. பெட்டி தலைகீழா இருக்கு மாமி. வலது இடதாத் தெரியறது, அவ்வளவுதான்” என்று விரிப்பைத் தூக்கியே காட்டிவிட்டார்.

பிள்ளையின் அப்பா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. “டி.வி.யையே துணி போட்டு மூடி வெச்சிருக்கேள். இன்னும் எதையெல்லாம் மூடி வெச்சிருக்கேளோ” என்றாள்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார் பிள்ளையின் அப்பா. குமிழ் இப்போது எந்தப் பக்கம் என்று தடவிய அப்பா, தலையணையை இடித்துவிட்டார். பெட்டி சரிந்தது. யோசிப்பதற்குள் என் கை நீண்டு அதைத் தாங்கிவிட்டது. அப்பா இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். நிமிர்ந்த பிறகுதான், நீண்டது என் இடது கை என்று பார்த்தேன். எனக்கு முன்பே மாமி பார்த்துவிட்டிருந்தாள்.

“எந்தக் கையால எழுதுவே நீ?”

“வலது கை, மாமி.”

“ஆரம்பத்துலேர்ந்தேவா?”

“ஆரம்பத்துலேர்ந்தேதான்” என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். அந்தப் பொய்யை நம்புகிறவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் தி.நகரிலிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், ஏதோ சரியில்லையாம். அம்மா அழுதாள். அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. கை நீட்டியதற்காக ஒருத்தி ஏன் கூனிக் குறுக வேண்டும் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

சந்தேகப்பட வேறு ஆள் மிச்சமில்லாமல் போனதால் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னையே சந்தேகப்பட்டார். அம்மா ஒளித்து வைத்த ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்துப் பெட்டியைத் திறந்தார். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்ற வைத்திருந்தது தெரிந்தது. மாற்றி வைத்ததும் பெட்டியும் படமும் எழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தன.

காபி எடுத்துக்கொண்டு வந்த அம்மா திரையைப் பார்த்தாள். “அப்பாடா, சரியாயிடுத்து” என்றாள்.

சிலேட்டில் நான் முதன்முதலாக வலது கையால் ‘அ’ எழுதிக் காட்டிய அன்றைக்கும் இதே குரலில் இதையேதான் சொன்னாள்.

“நேக்குத் தலைகீழா இருந்ததுதான் பிடிச்சிருந்தது” என்றேன்.

அம்மா டம்ளரை நீட்டினாள். நான் இடது கையை நீட்டினேன். டம்ளரை விடாமல் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.