தாழ்ப்பாள் விழாத கதவு

நாங்கள் விருதுநகரில் குடியேறிய வாடகை வீட்டின் கதவு, சாத்தினால் சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் மட்டும் விழாது. கதவு தொய்ந்துபோய், தாழ்ப்பாளின் முனை நிலையிலிருந்த துளைக்கு அரை விரல் கீழே முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர், மழைக்காலம் போனால் தானே சரியாகிவிடும் என்றார். விருதுநகரில் எந்த மழைக்காலம் என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்துவிடுவேன். அப்பா மிளகாய் மண்டியிலிருந்தும், நர்ஸாக இருந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்தும் வர ஏழு மணி ஆகும். புது ஊர், தெருவில் ஒருவரையும் தெரியாது. காற்றடித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பயமாக இருக்கும். பயமாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அப்பாவிடம் தினமும் சொன்னேன். "ஞாயித்துக்கெளம பாப்போம் பாப்பா" என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அதற்கு முந்தின வருஷம் வரை நாரணாபுரத்தில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே கம்பெனியில் பட்டாசு அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிப்பவர். எங்களோடுதான் இருந்தார். வீட்டில் எது ஆடினாலும் எது இறுகினாலும் தம் சாக்குப்பையோடு வந்து நிற்பார். முழுப் பரீட்சை லீவுக்கு நாசரேத்து அத்தை வீட்டுக்குப் போய் நான் திரும்புவதற்குள் அப்பா வேலையை விட்டிருந்தார், வீடும் மாறியிருந்தது. "சித்தப்பா வேலைக்குப் பம்பாய் போயிட்டாக" என்றாள் அம்மா. என்னிடம் சொல்லாமல் போனதில் வருத்தம்தான் என்றாலும், ஜெபத்தில் தினமும், "பம்பாயில் இருக்கிற சித்தப்பாவை ஆசீர்வதியும்" என்று சேர்த்துக்கொள்வேன். சாக்குப்பை மட்டும் எங்களோடு வந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஒருநாள் பொறுமை போய் அதை வெளியே இழுத்தேன். இரண்டு சுத்தியல், நாலு உளி, அரம், குறடு, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல். சித்தப்பா எடுத்த எடுப்பில் எதையும் தட்டமாட்டார். விளக்குக் கரியைத் தாழ்ப்பாள் முனையில் தடவிச் சாத்தி, கறை எங்கே விழுகிறதென்று பார்ப்பார். நானும் அப்படியே செய்தேன். கறை விழுந்த இடம் வரை துளையைக் கீழே செதுக்கினால் போதும். பெரிய உளி கைக்கு அடங்காததால் விரலகல உளியை எடுத்தேன். அதைத் தட்டக் கொட்டாப்புளியை எடுத்திருக்க வேண்டும். பார்க்க லட்சணமாக இருந்த இரும்புச் சுத்தியலை எடுத்தேன்.

ணங் ணங்கென்று நாலைந்து அடி விழுந்திருக்கும். அன்று மண்டியிலிருந்து சீக்கிரம் வந்துகொண்டிருந்த அப்பா, தெருமுனையிலிருந்தே ஓடி வந்தார். ஒரு செருப்பு தெருவில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"இரும்பத் தொடாத பாப்பா. இரும்பத் தொடாத."

சுத்தியலைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். சூடே இல்லாத சுத்தியலுக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சாக்குப்பை டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. கதவுக்கு மட்டும் இன்னும் தாழ்ப்பாள் விழவில்லை.

மறுநாள் கடிதம் எழுதினேன். அன்புள்ள சித்தப்பா, அப்பாவுக்குக் கதவு வேலை தெரியவில்லை, சுத்தியலைக் கண்டால் பயப்படுகிறார், நீங்கள் ஒருநாள் வந்து சரி செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். விலாசம் எழுதச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். சின்னதாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போட்டுர்றேன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா நாலரைக்கே வந்து, அம்மா வரும்வரை கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார். முன்பு அந்த வீட்டில் ஒருத்தி தனியாக இருந்தாள். இப்போது இரண்டு பேர் தனித்தனியாக இருந்தோம்.

நானும் நர்ஸ் படிப்புக்குப் போன வருஷம் அம்மா சொன்னாள். ஆர்டர் நெருக்கிய ஒருநாள், வெடிமருந்து கலக்கும் அறையின் கதவு இறுகிக்கொண்டது. "வந்து ஒரு தட்டுத் தட்டிட்டுப் போலே" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டது அப்பாதான். பொறி பறக்கும் என்பதால் அந்த அறைப் பக்கம் இரும்புச் சுத்தியல் போகக் கூடாது. பித்தளைச் சுத்தியல் எடுத்து வர அப்பா போனார். அவர் திரும்புவதற்குள் சித்தப்பா கையிலிருந்த இரும்புச் சுத்தியலாலேயே தட்டிவிட்டார். அறையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்மஸ் அன்று முழங்காலிட்டு ஜெபித்தபோது, வேண்டுமென்றே சித்தப்பா பெயரை விட்டுவிட்டேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆமென் சொல்ல அப்பாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. பதில் போடாதவருக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் எழுவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன்.