பேரு விழுந்துச்சா

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சங்கத்தின் அறை இருக்கிறது. கீழே காப்பிக் கடை. காலையில் போனால் படிக்கட்டு முழுக்கக் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. அந்த மாடியில் நடக்கிற திட்டத்துக்கு நான்தான் தலைவி. தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். மலாய் பேசுவேன், எழுத வராது. கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவேன். இதையெல்லாம் நான் யாரிடமும் மறைத்ததில்லை. தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் சங்கத்தின் மகளிர் பகுதிக்கும் நான்தான் தலைவி. தோட்டத்தை விற்றார்கள், ரப்பர் மரம் போய் வீடுகள் வந்தன, ஆனாலும் ஆட்கள் என்னைத் தேடி வருவது நிற்கவில்லை. அதனால்தான் இந்தத் திட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளை பெற்ற தாய்க்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. தகப்பனுக்கும் கொஞ்சம் உண்டு. பல பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கேட்கப் பயம். எங்கள் நம்பருக்குப் போன் போட்டுப் பேசினால் ஒரு மெஷின் பதில் சொல்லும். யாரிடம் கேட்பது, இல்லையென்றால் அடுத்து எங்கே போவது, எல்லாம் சொல்லும். வாரம் ஒரு தடவை அதுவே கூப்பிட்டு விசாரிக்கும். தமிழில் அது பேசுவது என் குரலில்.

மெஷினைச் செய்தவள் ஈப்போவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். வங்கி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள். கம்ப்யூட்டர்க்காரி என்றுதான் நான் கூப்பிடுவேன். குரல் பதிவு செய்த அன்று ஒரு தாளை நீட்டினாள். 'ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு' என்று எழுதியிருந்தது.

"இத நான் வாசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போயிரும்" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. எப்படிச் சொன்னா வெளங்கும்?"

தோட்டத்தில் நாங்கள் 'பேரு' என்றுதான் சொல்வோம். விடியக் கருக்கலில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நின்று, வேலை முடித்து வந்தால் கிராணி கணக்குப் புத்தகத்தில் பேரு போடுவார். பேரு விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். மழை பெய்தால் அரைப் பேரு. காய்ச்சலென்று லயத்து வீட்டில் படுத்தால் அதுவும் இல்லை. அதை நினைத்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்: "வேலைக்குப் போகாமலே பேரு விழும்." வாரா வாரம் விசாரிக்கிற கேள்வியையும் அப்படியே வைத்தோம். "பேரு விழுந்துச்சா?" ஆமா, இல்லை என்று பதில் சொன்னால் போதும். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை கம்ப்யூட்டர்க்காரி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பதிலைப் போட்டுக் காட்டினாள். கோலா கங்சார் பக்கத்தில் இருந்து கமுந்திங் பெக்டரிக்கு வேலைக்குப் போகிற பெண். பிள்ளை பிறந்த அன்றே மெஷினுக்குச் சொன்னவள். என் குரலே அவளுக்கு வாழ்த்தும் சொல்லியிருக்கிறது. இப்போது அவள் குரல் வந்தது, தூரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தோடு.

"பேரு இன்னும் வைக்கல. முப்பதுக்கு வைக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள போயிருச்சு."

அவ்வளவுதான். மெஷின் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, சம்பளம் வராதவர்கள் வரிசையில் அவளைச் சேர்த்துவிட்டது.

"அவங்க தாமான் வீட்டுல பொறந்தவங்க ஆன்ட்டி, தோட்டத்துல இல்ல. தோட்டத்துப் பேரு அவங்களுக்குத் தெரியல" என்றாள் கம்ப்யூட்டர்க்காரி.

முப்பதாம் நாள் கும்பிட்டுப் பிள்ளைக்குப் பேரு வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கேள்வியை மாற்றலாம் என்றாள். "அது அப்புறம். வண்டிய எடு" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் பெக்டரிச் சட்டையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மதிய ஷிப்ட். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போயிருந்தார். நான் ரெண்டு வார்த்தை பேசியதுமே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா அந்தக் கொரலு? சின்ன வயசா இருப்பீங்கன்னு நெனச்சேன் லா."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க" என்றேன். லேசாகச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"நான் கேட்டது சம்பளப் பேரும்மா" என்றேன். பெரட்டையும் கிராணியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியல ஆன்ட்டி. பேரு என்னாச்சுன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். ஆஸ்பத்திரியில கூட 'பேபி'ன்னுதான் சொன்னாங்க. கேக்கறாங்களேன்னு பதில் சொன்னேன்."

பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. சூப்பர்வைசருக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். பிள்ளைதான் இல்லையே, உடம்பு முடிந்தால் வா, ஆள் பற்றவில்லை என்று அவர் சொல்ல, அந்த வாரமே போய் நின்றுவிட்டாள்.

"அது தப்பு. புள்ள தங்கினாலும் தங்காட்டியும் லீவு உண்டு. சட்டத்துல அது பெத்தவளுக்கு" என்றேன்.

"வேணாம் ஆன்ட்டி."

"சம்பளத்தோட."

"தெரியுது. வீட்டுல உக்காந்து என்னத்தப் பாக்கறது? அங்கயாச்சும் மெஷின் சத்தம் இருக்கு."

எனக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்தில் எத்தனையோ துரைமாரிடம் நின்று வாதாடியவள் நான். உரிமையை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் நாலு வார்த்தை பலமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் சட்டையைப் பார்த்தேன். மார்பில் ரெண்டு இடத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, பையில் இருந்து டிஷ்யூவை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். தினமும் செய்கிற வேலை மாதிரி செய்தாள்.

"லைன்ல நிக்கும்போதும் இப்படித்தான். போன வாரம் ஒரு பொண்ணு பாத்துட்டு, 'என்ன புள்ளக்கா, ஆணா பொண்ணா?'ன்னு கேட்டுச்சு. நான் டாய்லெட்டுக்குப் போயிட்டேன்."

கம்ப்யூட்டர்க்காரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மூட்டு வலியோடு உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கை கொடுத்தாள்.

"பால் நிக்கற வரைக்குமாச்சும் வீட்டுல இரும்மா" என்றேன். "சட்டத்த விடு. ஒடம்புக்குத் தெரியலல்ல, புள்ள இல்லன்னு."

அவள் அழவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"நான் போய்க் கேக்க மாட்டேன். கேட்டா எல்லார்ட்டயும் கதய சொல்லணும்."

"நான் கேக்கறேன். நீ வாயத் தொறக்க வேணாம்."

பெக்டரி ஆபிசில் எனக்குப் பதில் சொன்னது ஒரு மலாய்க்காரப் பெண். முதலில் பிள்ளை இல்லையென்றால் லீவு இல்லை என்றுதான் அவளும் சொன்னாள். நான் அவசரப்படவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், மறுநாளும் நேரில் போய் உட்கார்ந்து சொன்னேன். அவள் மேலே யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, 'மக்சிக்' என்று பெரியம்மா முறை சொல்லிக் கூப்பிட்டு, லீவு உண்டு, பிள்ளை பெற்ற நாளில் இருந்து கணக்கு என்றாள். வேலைக்கு வந்து நின்ற நாட்களுக்கு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்த நாட்களை யார் திருப்பித் தர முடியும்.

மாடிக்குத் திரும்பி வந்து புதிதாகப் பதிவு செய்தேன். "சம்பளம் வந்துச்சா?" எல்லோருக்கும் விளங்கும். அதைச் சொல்லும்போது என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர்க்காரி அந்தப் பதிவை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் மெஷின் கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை நான் கூப்பிட்டது, முப்பது கும்பிட்டிருக்க வேண்டிய நாள். வேண்டுமென்று பார்த்துச் செய்யவில்லை. அவள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்டியாம்மா?" என்றேன்.

"சாப்டேன். பேரு விழுந்துச்சு ஆன்ட்டி" என்றாள், எங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே. சம்பளம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஒரு பேரைச் சொன்னாள். பெண் பிள்ளைப் பேரு. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

அவள் பக்கம் ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெக்டரி பஸ். அவளை ஏற்றாமல் அது புறப்பட்டுப் போகிற வரைக்கும் ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை.